சுகரை மறைத்து எடுத்த பாலிசி ஆஸ்பத்திரி வாசலில் உதவாது

கேள்வி: காரைக்குடியில் வீட்டோடு பலகாரத் தொழில் செய்கிறேன். தேன்குழல், மனகோலம், அதிரசம், சீப்புச் சீடை என்று கல்யாண ஆர்டரும் வெளியூர் ஆர்டரும் நன்றாகவே போகின்றன. ஆறு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். எனக்கு 46 வயது. கணவருக்கு 51, நான்கு வருடமாகச் சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறார், அவரும் இதே தொழிலில்தான் இருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகளும் 68 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார்கள். தீபாவளி ஆர்டர் முடிந்து கையில் கொஞ்சம் பணம் இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்துவிட நினைக்கிறோம். ஒரு ஏஜென்ட், "சுகர் இருக்குன்னு எழுதினா பிரீமியம் ஏறிடும், எழுத வேண்டாம். அஞ்சு வருஷம் ஓட்டிட்டா அப்புறம் யாரும் கேட்க முடியாது" என்கிறார். இன்னொருவர், ஒரு சங்கத்தின் பேரில் குழுப் பாலிசி பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: நீங்கள், கணவர், மகள் மூவருக்கும் சேர்த்து உங்கள் சொந்தப் பெயரில் ஒரு குடும்பப் பாலிசி எடுங்கள். 10 லட்ச ரூபாய்க்கு எடுக்க முடிந்தால் நல்லது. கட்டுப்படியாகாவிட்டால் 5 லட்சத்துக்கு எடுத்து, அதற்கு மேல் வரும் செலவுக்குச் சூப்பர் டாப்-அப் என்ற துணைப் பாலிசியைச் சேர்த்துக்கொள்ளலாம். மாமியாரை இதில் சேர்க்காதீர்கள். குடும்பப் பாலிசியில் வயதில் மூத்தவரை வைத்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அவருக்குத் தனிப் பாலிசி எடுங்கள். எடுக்கும்போது, பில்லில் எத்தனை சதவீதத்தை நீங்களே கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கணவரின் சுகரைக் கட்டாயம் எழுதுங்கள். இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

இப்போதெல்லாம் காகிதப் படிவம் குறைந்துவிட்டது. ஏஜென்ட் தன் போனிலேயே கேள்விகளை நிரப்புவார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, ஆபரேஷன் நடந்ததா என்று வரிசையாக வரும் எல்லாவற்றுக்கும் அவரே "இல்லை" என்று தட்டிவிட்டு, "ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்பார். அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னால், அத்தனை "இல்லை"க்கும் நீங்கள் கையெழுத்துப் போட்டதாகத்தான் கணக்கு. ஏஜென்ட் தன் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆஸ்பத்திரியில் பதில் சொல்லி நிற்கப்போவது நீங்கள். போனை வாங்கி, ஒவ்வொரு கேள்வியாகப் படித்துப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். இங்கிலீஷில் இருந்தால் கல்லூரியில் படிக்கும் மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் தமிழரிடம் விற்கும் பாலிசியைப் புரியாத மொழியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நீட்டுவதை இத்தனை வருடமாக ஏன் பொறுத்துக்கொள்கிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இருக்கும் விண்ணப்பப் பிரதியை எடுத்துப் பாருங்கள். சுகர் என்ற இடத்தில் "இல்லை" என்றிருந்தால் உடனே நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்தச் சொல்லுங்கள். பாலிசியே பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு வாயிலிருந்தே தெரிந்துவிடும். அட்மிஷன் போடும் டாக்டர் எத்தனை வருடமாகச் சுகர் என்று கேட்பார். பதற்றத்தில் நிற்பவர் "ஒரு பத்து வருஷமா இருக்குங்க" என்று குத்துமதிப்பாகச் சொல்வார். அது அப்படியே கேஸ் ஷீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஏறிவிடும். நிறுவனம் முதலில் தேடுவது அந்த ஒரு வரியைத்தான். உங்கள் விஷயத்தில் நான்கு வருடம் என்றால் நான்கு வருடம் என்றே சொல்லுங்கள். முதல் பரிசோதனைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். உண்மையை எழுதியவருக்குக்கூட, ஆஸ்பத்திரியில் வாய்தவறிச் சொன்ன வருடக் கணக்கால் கிளெய்ம் நின்றுபோவது உண்டு.

சரி, அந்த ஐந்து வருடக் கதை. அது முழுப் பொய் இல்லை, அதனால்தான் ஆபத்து. ஒரு பாலிசி 60 மாதம் விடாமல் தொடர்ந்தால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தை வைத்து நிறுவனம் கிளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. முன்பு 8 வருடமாக இருந்ததை 2024-ல் 5 வருடமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்த விதிக்குள்ளேயே, மோசடி நிரூபிக்கப்பட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது என்றும் இருக்கிறது. தெரிந்தே மறைத்தவர், அந்த வாதத்துக்கு வேண்டியதைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். அப்புறம், 60 மாதம் என்பது விடாமல் ஓடிய 60 மாதம். ஒரு வருடம் கட்டத் தவறிப் பாலிசி காலாவதியானால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்றாம் வருடத்தில் 5 லட்சத்தை 10 லட்சமாக உயர்த்தினால், கூட்டிய 5 லட்சத்துக்குக் கணக்கு அந்த மூன்றாம் வருடத்திலிருந்துதான். இன்னொன்றையும் யோசியுங்கள். 51 வயதுச் சுகர்காரருக்கு அந்த ஐந்து வருடத்துக்குள் ஆஸ்பத்திரிச் செலவே வராது என்று எந்த ஏஜென்ட் எழுதிக் கொடுப்பார்? நடுவில் பிடிபட்டால் கிளெய்மும் போகும், பாலிசியையே ரத்து செய்யவும் நிறுவனத்தால் முடியும். அந்த விதி நேர்மையாக எழுதியவரைப் பழைய காகிதத்தைக் கிளறி அலைக்கழிக்காமல் இருக்க வந்தது. மறைப்பதற்கு அதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உண்மையை எழுதினால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் ஏறலாம். சுகரால் வரும் சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள், அதாவது அது முடியும்வரை அந்தச் சிகிச்சைக்குப் பணம் வராது. அது 3 வருடத்துக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு அதைக் குறைக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்தக் காலத்தில் விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். டெங்கு, குடல்வால் போன்றவற்றுக்கு முதல் 30 நாள் கழிந்தால் போதும். கண்புரை, ஹெர்னியா போன்ற சிலவற்றுக்குச் சுகர் இல்லாதவரும் காத்திருக்கத்தான் வேண்டும்.

குழுப் பாலிசிக்கு வருகிறேன். அதில் பாலிசி சங்கத்தின் பேரில் இருக்கும், நீங்கள் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. சங்கம் அடுத்த வருடம் பணம் கட்டாமல் விட்டாலோ, நிபந்தனையை மாற்றினாலோ உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. காப்பீடு விற்பதற்காகவே ஆள் சேர்த்துக் குழு அமைக்க விதியும் அனுமதிப்பதில்லை. நீங்கள் கேள்விப்படாத சங்கம், சேர்ந்தவுடன் உறுப்பினர் அட்டை, ஜிபேயில் அவர் எண்ணுக்கே பணம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். விலையிலும் ஒரு விஷயம் மாறியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. குழுப் பாலிசிக்கு அந்த விலக்கைக் கொடுக்கவில்லை.

பிரீமியத்தை எந்த ஏஜென்டிடமும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள். பழைய வரி முறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால், ரொக்கமாகக் கட்டிய பிரீமியத்துக்கு வரிச் சலுகையும் கிடையாது.

ரூம் வாடகை வரம்பையும் பாருங்கள். நாள் வாடகை 5,000 ரூபாய் வரை என்று போட்ட பாலிசியை வைத்துக்கொண்டு மதுரையில் 8,000 ரூபாய் அறையில் படுத்தால், கூடுதல் 3,000 மட்டும்தான் நம் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் போன்றவற்றையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள். அவை 1,60,000 ரூபாய் என்றால் 1,00,000தான் வரும். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றின் செலவுக்கு இந்த வெட்டு இல்லை. முடிந்தவரை ரூம் வரம்பு இல்லாத பாலிசியாகக் கேளுங்கள். காரைக்குடியிலும் மதுரையிலும் நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரிகள் அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் (பில்லை நிறுவனமே நேராகக் கட்டும் ஆஸ்பத்திரிகள்) இருக்கின்றனவா என்று ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். ஏஜென்ட் காட்டும் பட்டியல் பழையதாக இருக்கலாம்.

உங்களிடம் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு சிவகங்கை கலெக்டர் ஆபீஸில் பதியச் சொல்லுங்கள். ஆட்கள் பத்துப் பேரானால் ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு வரும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு நீங்கள் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். அதே அடுப்படியில் அதே எண்ணெய்ச் சட்டி முன் நிற்கும் உங்களுக்கு அதில் இடம் இல்லை, ஏனென்றால் நீங்கள் முதலாளி. முதலமைச்சர் திட்டத்துக்கும் வருமானம் கூடுதல். ஆத்தங்குடிக் கல் போடுபவர், கண்டாங்கி நெய்பவர், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர் என்று சிறுதொழில் செய்யும் எத்தனையோ பேர் இந்த இரண்டு வேலிக்கும் நடுவில் நிற்கிறார்கள். வரி வாங்கத் தெரிந்த அரசுக்கு இவர்களுக்கு ஒரு வழி செய்யத் தெரியாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பின்னால் ஒருநாள் கிளெய்மை மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் என்ற குறைகேள் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்ச ரூபாய் வரை அவர் உத்தரவு போட முடியும். "நான் முடிச்சுத் தர்றேன், பத்து சதவீதம் கொடுங்க" என்று ஒருவர் கண்டிப்பாக வந்து நிற்பார். அவரிடம் உங்கள் காகிதங்களைக் கொடுக்காதீர்கள்.