ஒரே விமானம், இரண்டு பெயர்

வாசகி, கோவில்பட்டி: போன இதழில் 'என் கான்கார்ட் பைத்தியம்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அது எப்படிப் பிடித்தது? அதில் போயிருக்கிறீர்களா?

போனதில்லை. ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம் அது; அந்த டிக்கெட் காசில் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணமே முடிந்திருக்கும். பைத்தியம் பிடித்தது 1979இல், சிங்கப்பூரில். அப்பாவுக்கு அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. எனக்குப் பத்து வயது. அப்போது சாங்கி கிடையாது, பாய லேபார்தான் விமான நிலையம். லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகக் கான்கார்ட் வருகிறது என்று அண்ணன் இழுத்துக்கொண்டு போனான். இறங்கும்போது விமானிக்கு ஓடுபாதை தெரிய வேண்டுமே, அதற்காக அது மூக்கை மட்டும் கீழே சாய்த்துக்கொள்ளும். குளத்தில் மீன் பார்க்கும் கொக்கேதான்!

உடம்பில் 'சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்' என்று எழுதியிருந்ததை நான் பார்த்தேன். கூட்டத்தில் அண்ணனுக்கு அது தெரியவில்லை. விமானம் திரும்பி வந்து நின்றபோது நான் கழிவறையில். அவன் படித்தது 'பிரிட்டிஷ் ஏர்வேஸ்'. வீடு வரைக்கும் சண்டை. அப்புறம் அப்பா சொல்லித்தான் தெரிந்தது: இரண்டு கம்பெனியும் கூட்டாக ஓட்டியதால் இடது பக்கம் ஒரு பெயர், வலது பக்கம் இன்னொரு பெயர். அந்தச் சேவையும் 1980இல் நின்றுபோனது.

மாணவர், தஞ்சாவூர்: பறக்கும்போது கான்கார்ட் நீளும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம். வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே குளிர். ஆனாலும் முன்னால் காற்று நசுங்குகிற நசுங்கலில் மூக்கு நுனி 127 டிகிரி வரை சுடும். சூடேறி, மொத்த விமானமும் ஏறக்குறைய ஒரு சாண் நீளும். விமானி அறையில் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் பின்சுவருக்கும் நடுவே ஒரு சந்து விழும். 2003இல் கடைசியாகப் பறந்தபோது சில பொறியாளர்கள் தங்கள் தொப்பியை அந்தச் சந்தில் செருகிவிட்டார்கள். ஆறியதும் சந்து மூடிக்கொண்டது. தொப்பி உள்ளேயே.

வாசகர், ஈரோடு: விபத்தால்தானே கான்கார்டை நிறுத்தினார்கள்?

அதனால் மட்டும் இல்லை. 2000 ஜூலை 25இல் பாரிஸ் அருகே 113 பேர் இறந்தார்கள்; ஆனாலும் மறு வருஷமே திரும்பப் பறக்க விட்டார்கள். நூறே இருக்கை, எரிபொருளோ தண்ணீர் பட்ட பாடு. ஒலியை மிஞ்சிப் போகும்போது கீழே இடிச்சத்தம் கேட்கிறது என்று பல நாடுகள் தரைக்கு மேலே அந்த வேகத்தில் போகவும் விடவில்லை. கடல் மேல் மட்டும் வேகமாகப் போகும் விமானத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது?

நான் சிறுவயதில் பார்த்த அந்த விமானம் இப்போது நியூயார்க்கில், இன்ட்ரெபிட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். நேரே இடது பக்கமாகப் போய் நின்றேன். அங்கேயும் பிரிட்டிஷ் ஏர்வேஸ்தான். அண்ணனுக்கு அந்தப் போட்டோவை மட்டும் அனுப்பவில்லை.