தொடை நோகிறது, எண்ணெய் பூசலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி தொடை பற்றியது. ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதுகிறீர்கள்: "தொடை உளையுது, என்ன பூசலாம்?" பூசுவதற்கு முன்னர் நோகிற இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள். கவட்டிலும் முன்தொடையிலும் என்றால் இடுப்பு மூட்டை முதலில் சந்தேகிக்க வேண்டும். வெளிப்பக்கம் என்றால் இடுப்பின் வெளிப்புறத் தசைநாண்கள், அல்லது தோலுக்கு வருகிற ஒரு நரம்பு. பின்பக்கம் என்றால் பின்தொடைத் தசை, அல்லது நாரி (கீழ்முதுகு). தொடையில் நோகிறது என்பதற்காகத் தொடைதான் பழுது என்று இல்லை. கீழேயுள்ள பதில்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

வெளித்தொடை எரிகிறது, தொட்டால் விறைத்த மாதிரி இருக்கிறது. கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க நிற்பேன். நீரிழிவும் உண்டு. இது வாதமா? (ஆண், 51, சுன்னாகம்)

நீங்கள் எழுதியதில் பக்கவாதத்துக்கான அறிகுறி ஒன்றும் இல்லை. இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில், கவட்டு மடிப்புக்குக் கீழால் ஒரு நரம்பு வெளித்தொடைத் தோலுக்கு வருகிறது. உணர்ச்சியைக் கொண்டுபோவது மட்டும்தான் அதன் வேலை. தசையை இயக்குவதில்லை. அது நெரிபட்டால் எரிவும் விறைப்பும் வரும், காலின் பலம் குறையாது.

சாரத்துக்கு மேல் அகலமான பெல்ட்டை இறுக்கிக் கட்டி, அதன் பையில் காசும் போனும் வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் இதைச் சந்தேகிக்க வேண்டும். தொந்தி இருந்தால் இன்னும் கூடும். பெண்களுக்கு உள்பாவாடை நாடா இதே வேலையைச் செய்யும், கர்ப்ப காலத்திலும் வரும். பெல்ட்டைத் தளர்த்துங்கள், முடிந்தால் சில கிழமைகளுக்கு விட்டுவிடுங்கள். இடையிடையே கதிரையில் இருங்கள். எடையைக் குறைத்தால் நரம்பின் மேல் அழுத்தமும் குறையும். அநேகமானோருக்கு வேறு வைத்தியம் தேவைப்படாது. நீரிழிவு இருப்பதால் சீனி அளவையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். படியேறும்போது முழங்கால் மடிந்து விழப்பார்த்தால், அல்லது தொடை மெலிந்துகொண்டு போனால், அது இந்த நரம்பு இல்லை. அப்போது வைத்தியரிடம் போக வேண்டும்.

அம்மாவுக்கு 58 வயது. நல்லூர்த் திருவிழாவில் அடி அழித்த பிறகு இடுப்பின் வெளிப்பக்கத்திலிருந்து தொடை வழியாக நோ இறங்குகிறது. அந்தப் பக்கம் சரிந்து படுக்கவே முடியவில்லை. எண்ணெய் போட்டு உருவியும் குறையவில்லை. (கோண்டாவில்)

சரிந்து படுக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் முக்கியமான தடயம். தொடையெலும்பின் மேல் முனையில், வெளிப்பக்கத்தில், கைக்குத் தட்டுப்படுகிற ஒரு மேடு இருக்கிறது. பிட்டத் தசைகளின் தசைநாண்கள் அதில்தான் வந்து பிடிக்கின்றன. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அந்தத் தசைநாண்கள் அடிக்கடி பழுதுபடும். வழமையில் அவ்வளவு நடக்காத ஒருவர், 25 நாள் திருவிழாவில் நாள்தோறும் வெறுங்காலோடு வீதி சுற்றி, விழுந்து எழும்பிக் கும்பிட்டால், தசைநாணுக்கு அது திடீர்ச் சுமை. பக்தியைக் குறை சொல்லவில்லை. அடுத்த வருடம் இரண்டு மாதம் முன்பிருந்தே நடந்து பழகச் சொல்லுங்கள்.

உருவுவதை நிறுத்துங்கள். அந்த மேட்டின் மேல் அழுத்துவது, ஏற்கெனவே நெரிபடுகிற தசைநாணை இன்னும் நெரிப்பதுதான். கால்மேல் கால் போட்டு இருப்பதும், ஒரு காலில் பாரத்தைப் போட்டு இடுப்பைச் சரித்து நிற்பதும், சப்பாணி கட்டி நெடுநேரம் இருப்பதும் வேண்டாம். இரவில் நோகாத பக்கம் சரிந்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் ஒரு தலையணை வைத்துப் படுக்கட்டும்.

அப்புறம் பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்க வேண்டும். முழங்காலுக்குச் சற்று மேலே, இரண்டு தொடைகளையும் சேர்த்து ஒரு சால்வையால் கட்டி, கால்களை விரிப்பது போல மெதுவாகத் தள்ளி 15 முதல் 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். நாலைந்து தடவை போதும். அது பழகிய பிறகு, அதே நிலையில் பிட்டத்தை மெல்ல உயர்த்தி இறக்கலாம். செய்யும்போது கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, அடுத்த நாள் காலை பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அளவைக் குறையுங்கள். ஊசி போட்டால் சில கிழமைக்கு நோ குறையும், ஆனால் தசைநாண் பலப்படாது. இது ஆற மாதங்கள் எடுக்கும். இரண்டு கிழமையில் கைவிட்டுவிட்டு "பயிற்சி சரிவரவில்லை" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

நோ வெளிப்பக்கத்தில் இல்லாமல் கவட்டுக்குள் இருந்து, குனிந்து கால் நகம் வெட்டவும் சப்பாத்துப் போடவும் அம்மா சிரமப்பட்டால், இடுப்பு மூட்டுத் தேய்வாக இருக்கலாம். அதற்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மகனுக்கு 12 வயது, கொஞ்சம் பருமன். மூன்று கிழமையாகத் தொடையும் முழங்காலும் நோகுது என்கிறான், நொண்டுகிறான். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. (சாவகச்சேரி)

இன்றைக்கே கொண்டுபோங்கள். இடுப்பு மூட்டை இரண்டு பக்கமும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். வளரும் வயதில் தொடையெலும்பின் தலைப்பகுதி, வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவலாம். நோ தொடையிலும் முழங்காலிலும் தெரியும், பழுது இருப்பது இடுப்பில். பார்க்கும் வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள், பாடசாலையும் விளையாட்டும் வேண்டாம். இது உறுதியானால் பெரும்பாலும் சத்திரசிகிச்சை செய்து எலும்பை நிலைநிறுத்துவார்கள். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகப் பழுதாகும். இதைவிடச் சின்னப் பிள்ளை நொண்டினாலும் இடுப்பைப் பார்க்க வேண்டும்.

ஃபுட்போல் விளையாடும்போது பாய்ந்து ஓடினேன், பின்தொடையின் மேற்பக்கம் 'டக்' என்றது. சனிக்கிழமை இன்னொரு மட்ச் இருக்கிறது. (ஆண், 19, குருநகர்)

சனிக்கிழமை விளையாட வேண்டாம் தம்பி. தசை நார் கிழிந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸை 10-15 நிமிடம் வையுங்கள், பண்டேஜ் சுற்றுங்கள். சூட்டு ஒத்தடமும் உருவுவதும் இப்போது கூடாது, உள்ளே குருதி கசிவது கூடும். அதற்காக ஒரேயடியாகப் படுத்துக் கிடக்கவும் வேண்டாம். நோ அனுமதிக்கிற அளவுக்கு மெல்ல நடக்கலாம்.

சின்னக் கிழிவு ஒன்று முதல் மூன்று கிழமையில் ஆறும். அதைவிடப் பெரியது ஒன்று இரண்டு மாதம் எடுக்கும். நோ போன அன்றே மைதானத்துக்குத் திரும்புவதால்தான் அதே இடம் மறுபடி கிழிகிறது. முழு வேகத்தில் ஓடியும் நோகாமல், இரண்டு காலும் ஒரே பலமாக இருந்தால் போகலாம். ஆறிய பிறகு, நண்பர் ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, முழங்காலில் நின்று உடம்பை நேராக வைத்தபடி மெல்ல முன்னால் சாய்கிற பயிற்சியைக் கழகத்தில் எல்லாருமே செய்யுங்கள். பின்தொடைக் கிழிவைக் குறைக்கிறது என்று நன்கு நிரூபிக்கப்பட்ட பயிற்சி அது. தொடை நீலம் பாரித்து, கதிரையில் இருக்கவே முடியாத நோ என்றால், தசைநாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். அதை வைத்தியர் பார்க்க வேண்டும்.

நீர்வேலியிலிருந்து திருநெல்வேலிச் சந்தைக்குச் சைக்கிளில் போய் வருவேன், ஒன்றும் செய்யாது. ஆனால் இருநூறு மீற்றர் நடந்தால் இரண்டு தொடையும் பாரமாகி நிற்க வேண்டியிருக்கிறது. சுருட்டுப் பழக்கம் உண்டு. (ஆண், 68)

ஐயா, சைக்கிளைப் பற்றி எழுதியது நல்லதாகப் போயிற்று. நடக்கும்போது தொடை உளைந்து, நடையை நிறுத்தி ஓய்ந்தால் விடுவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. ஒன்று, நாரியில் நரம்பு போகிற வழி ஒடுங்குவது. குனிந்தால் அந்த வழி சற்று விரியும், அதனால் சைக்கிளில் குனிந்து போகும்போது சுகமாக இருக்கும். மற்றது, காலுக்குப் போகிற நாடியில் அடைப்பு. அது நடந்தாலும் நோகும், சைக்கிள் மிதித்தாலும் நோகும், ஏனென்றால் இரண்டிலும் தசைக்குக் குருதி தேவை. நடந்து களைத்ததும் நின்றபடியே விடுகிறதா, அல்லது இருந்தாலோ குனிந்தாலோதான் விடுகிறதா என்று கவனியுங்கள். நின்றபடியே விட்டால் நாடிப் பக்கம் சந்தேகம் கூடும்.

உங்கள் கதை நாரியைக் காட்டுகிறது. ஆனாலும் சுருட்டுப் பிடிப்பவர் என்பதால் காலின் நாடித் துடிப்பை வைத்தியர் தொட்டுப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. சுருட்டை விட்டுவிடுங்கள், இதை மன்றாட்டமாகக் கேட்கிறேன். சைக்கிளை விட வேண்டாம். சலம் போவதில் கட்டுப்பாடு குறைந்தாலோ, கதிரையில் இருக்கும்போது படுகிற இடம் விறைத்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கனடாவிலிருந்து வந்த அக்காவுக்கு இடது தொடையும் கெண்டைக்காலும் வீங்கிச் சுடுகிறது. நெடுநேரம் பிளேனில் இருந்த உளைவுதானே? (மானிப்பாய்)

ஒரு கால் மட்டும் வீங்குவது களைப்பு இல்லை. ஆழ்நாளத்தில் குருதி உறைந்திருக்கலாம். உருவ வேண்டாம், எண்ணெய் வேண்டாம். யாழ். போதனா வைத்தியசாலைக்கோ பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ உடனே கொண்டுபோங்கள். மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கொலஸ்ட்ரோல் குளிசை தொடங்கிய பிறகு இரண்டு தொடையும் உளைகிறது. நிறுத்தலாமா? (பெண், 63, பருத்தித்துறை)

ஸ்டற்றின் வகைக் குளிசைகள் சிலருக்குத் தசை நோவைக் கொடுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடங்கிய முதல் மாதங்களில், அல்லது அளவைக் கூட்டிய பிறகு வருவது அதன் குணம். ஆனால் மாரடைப்பைத் தடுக்கிற மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். கிளினிக்கில் சொல்லி, தசை நொதியத்துக்கான குருதிப் பரிசோதனையும் தைரொய்ட் பரிசோதனையும் கேளுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு குளிசைக்கு மாற்றலாம். எழும்ப முடியாத பலவீனமும் பிளேன்ரீ நிறத்தில் சலமும் வந்தால் மட்டும் குளிசையை எடுக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கூடவே ஒன்று. எலும்பு பலவீனத்துக்குக் கிழமைக்கொரு தடவை அலென்ட்ரோனேட் எடுத்து, அது பல வருடமாகிவிட்டவர்களுக்குத் தொடையில் மந்தமான நோ தொடங்கினால், அடி ஏதும் படாவிட்டாலும் தொடையெலும்பை முழுநீளமாக எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரிதாக, எலும்பில் மெல்லிய வெடிப்பு உண்டாகி வரும் நோ அது. எடுக்கும்போது இரண்டு காலையும் எடுக்கச் சொல்லுங்கள்.

நோவுக்குப் பனடோல் (பரசிற்றமோல்) எத்தனை போடலாம்? (பலர்)

சாதாரண எடையுள்ள, ஈரல் நோய் இல்லாத பெரியவர்கள் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல் எடுக்கலாம். டைக்குளோபினாக் என்கிற நோக் குளிசையைப் பாமசியில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்காதீர்கள். நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு அது நல்லதல்ல, வயிற்றுப் புண்ணும் வரும். எண்ணெய் பூசலாமா என்று கேட்டவர்களுக்கு: வேலை செய்து களைத்த தசைக்கு மெல்லப் பூசித் தடவலாம். வீக்கம், சூடு, புதிய அடி, விழுந்த பிறகு ஊன்ற முடியாத கால், இவற்றில் எது இருந்தாலும் கை வைக்க வேண்டாம். வயது போனவர்கள் கிணற்றடியில் வழுக்கி விழுந்திருந்தால், முறிவு நெரிவு வைத்தியரிடம் போவதற்கு முன்னர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.