முதலில் செடி, அப்புறம்தான் பல்லி

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. பிறந்தநாளுக்கு அவன் மாமா ஒரு கிரெஸ்டட் கெக்கோ பல்லி வாங்கிக் கொடுத்தார். இப்போது பிளாஸ்டிக் பெட்டியில் பேப்பர் விரித்து வைத்திருக்கிறோம். கண்ணாடித் தொட்டியில் நிஜச் செடி நட்டு வளர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். தோட்டத்து மண் போடலாமா, ஜன்னலோரம் வைக்கலாமா? வேலியில் திரியும் பச்சோந்தியையும் அதோடு விடலாமா என்று வேறு கேட்கிறான்.
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பையன் கேட்பது நல்ல ஆசைதான், செய்து கொடுங்கள். ஆனால் அவசரம் வேண்டாம். செடி வேர் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும், அதுவரை பல்லி அந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும், அதற்கு ஒரு குறையும் வராது.

இது மரமேறும் பல்லி, ஊர் பசிபிக் கடலில் இருக்கும் நியூ கலிடோனியா தீவு. பூண்டோடு அழிந்துவிட்டது என்று நினைத்திருந்தவர்கள் 1994-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். மரமேறி என்பதால் அகலத்தைவிட உயரம் முக்கியம்; 45 செ.மீ. நீளம், 45 அகலம், 60 உயரம் இருந்தால் ஒரு பல்லிக்குப் போதும்.

தோட்டத்து மண்ணைத் தொடாதீர்கள். களிமண் இறுகிவிடும், என்ன மருந்து அடித்த மண்ணோ அதுவும் தெரியாது. நான் முதல் தொட்டி வைத்தபோது அடியில் வடிகால் விடாமல் நேரே மண்ணைக் கொட்டினேன், மூன்றாவது வாரம் கதவைத் திறந்தால் சாக்கடை வாடை, செடியை இழுத்தால் வேர் கறுத்துக் கொழகொழவென்று கையோடு வந்தது. தண்ணீர் வடிய இடமில்லாவிட்டால் அடிமண்ணுக்குக் காற்றே போகாது, அழுகத்தான் செய்யும். அதனால் அடியில் நாலைந்து செ.மீ. சுட்ட களிமண் உருண்டை, அதன்மேல் கொசுவலைத் துண்டு, அதன்மேல் தேங்காய் நார்த்தூள் கலந்த, உரம் போடாத மண், எல்லாவற்றுக்கும் மேலே காய்ந்த சருகு. சருகுக்குள் ஸ்பிரிங்டெயில் என்கிற பொடிப் பூச்சிகளை விட்டால் பூஞ்சையை அவை தின்றுவிடும், எச்சம் மட்கவும் உதவும்.

செடிக்கு மணி பிளாண்ட், ஸ்நேக் பிளாண்ட், பெரணி போதும். நர்சரியிலிருந்து வந்த செடியில் பூச்சிமருந்து இருக்கலாம். பழைய மண்ணை முழுக்க உதறி, இலையைக் கழுவி, வேறு மண்ணில் சில வாரம் வைத்துவிட்டு அப்புறம் உள்ளே நடுங்கள்.

சரி, ஜன்னல். கூடவே கூடாது. நம் ஊரில் வெயில் வடக்குப் பக்கமாக வருகிறது, குளிர்காலத்தில் சாய்ந்து அறைக்குள்ளேயே விழும், மூடிய கண்ணாடித் தொட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும். இந்தப் பல்லிக்கு 22 முதல் 26 டிகிரி சுகம், 28-ஐத் தாண்டினால் ஆபத்து. டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை நம் கவலை சூடேற்றுவதல்ல, சூட்டைத் தணிப்பதுதான். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள், செடிக்கு எல்இடி விளக்கு போதும். புழுக்கமான நாளில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி மேல் வலைமீது வைக்கலாம்.

சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள், பகலில் காய விடுங்கள். விளக்கை அணைத்தபின் பையனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்: பல்லி இறங்கி வந்து இலைநுனித் துளியை நக்கிக் குடிக்கும், கண்ணிமை இல்லாததால் அதே நாக்கால் கண்ணையும் துடைத்துக்கொள்ளும். பார்க்கப் பார்க்கத் தெவிட்டாது. ஆனால் வாலைப் பிடிக்கக் கூடாது. சுவர்ப் பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைக்கும், இதற்கு முளைக்கவே முளைக்காது.

பச்சோந்தியை வேலியிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், தாயே. இரண்டு இனத்தை ஒரே தொட்டியில் அடைப்பது இரண்டுக்கும் கெடுதல். அதோடு அது நம் மண்ணின் குட்டைப் பச்சோந்தியாகத்தான் இருக்கும், அனுமதி இல்லாமல் பிடித்து வளர்க்கக் கூடாது. அந்த வேலியை ஒட்ட வெட்டாமல், மருந்து அடிக்காமல் விட்டால் அது அங்கேயே இருக்கும், பையன் தினமும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.