இலவச அறையின் விலை

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன், லாஸ் வேகாஸில் உள்ள கசினோ ஹோட்டல் ஒன்றின் அங்கத்துவ அட்டை மூலம் தனக்கு மூன்று இரவுகளுக்கு இலவச அறை கிடைத்திருப்பதாகவும், நாங்கள் அங்கு வரும்போது எங்களையும் கூட்டிச் செல்வதாகவும் சொல்கிறார். ஒரு ஹோட்டல் எதற்காக அறையைச் சும்மா கொடுக்கிறது? பிறகு பில் ஏதும் வருமா?
- வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: அறை உண்மையாகவே கிடைக்கும். ஆனால் அதன் விலை, உங்கள் மருமகன் அங்கே முன்னர் ஆடிய ஆட்டத்தில் இருந்து எடுக்கப்பட்டது.

எம்.ஜி.எம். ரிவார்ட்ஸ், சீசர்ஸ் ரிவார்ட்ஸ் போன்ற கசினோ அங்கத்துவத் திட்டங்களில் 21 வயது நிறைந்த எவரும் கட்டணமின்றிச் சேரலாம். அட்டையைச் சூதாட்ட இயந்திரத்தில் செருகி ஆடினால் பந்தயம் முழுவதும் பதிவாகும். மேசை ஆட்டங்களில் மேற்பார்வையாளர் சராசரிப் பந்தயத்தையும் ஆடிய நேரத்தையும் குறித்துக்கொள்வார். அன்றைக்கு வென்றாரா தோற்றாரா என்பதைவிட, அந்த ஆட்டத்தில் சராசரியாக எவ்வளவு தோற்பார் என்பதையே கசினோ முக்கியமாகக் கணக்கிடுகிறது. பூச்சியமும் இரட்டைப் பூச்சியமும் உள்ள அமெரிக்க ரூலட் சக்கரத்தில் (சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் நிற்கும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம்), வைக்கும் பணத்தில் 5.26 வீதம் கசினோவின் பங்கு. சுற்றுக்கு 25 டொலர், மணிக்கு 40 சுற்று, நான்கு மணி நேரம் என்று ஒருவர் ஆடினால் மொத்தப் பந்தயம் 4,000 டொலர். கசினோ எதிர்பார்க்கும் வரவு ஏறத்தாழ 210 டொலர். அதில் ஒரு பகுதியே அறையாகத் திரும்பி வருகிறது. வென்றவருக்கும் அறை கிடைப்பது இதனால்தான்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. நாளொன்றுக்கான ஆட்டத்தின் சராசரி குறைந்தால் அடுத்த அழைப்பும் சுருங்கும் என்பதால், அறையைத் தக்கவைப்பதற்காகவே கூடுதலாக ஆடுகிறவர்கள் உண்டு. வார நாட்களில் அங்கே அறைகள் மலிவாகவே கிடைக்கும்போது, 210 டொலர் இழப்பை எதிர்நோக்கி ஆடி அறை பெறுவதைவிட, காசு கொடுத்துத் தங்குவது எவ்வளவோ மேல். இதை அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பில்லைப் பொறுத்தவரை, இலவச அறைக்கும் 'ரிசோர்ட் கட்டணம்' என்று இரவுக்கு இரவு ஒரு தொகை அறவிடப்படலாம். எம்.ஜி.எம். திட்டத்தில் 'கோல்ட்' என்ற அங்கத்துவ நிலையும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அது இல்லை. எனவே பதிவை உறுதிசெய்யும் முன் கேட்டுக்கொள்ளட்டும். அறைக்குள் போகும்போது கடனட்டையில் ஒரு தொகையை முற்பணமாகப் பிடித்துவைப்பதும் வழக்கம். பதிவு அவர் பெயரில் இருப்பதால் அவரும் அடையாள ஆவணத்துடன் உடன் வர வேண்டும். நீங்களோ அங்கே தங்குவதற்காக ஒரு சதமும் பந்தயம் வைக்கத் தேவையில்லை.