கோச் சுற்றுலா: மீதிப் பணத்தைக் கட்டும் முன் ஒரு பெயரைக் கேட்டு வாங்குங்கள்

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறோம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் பிளாக்பூல் கடற்கரை ஊருக்கு நான்கு இரவு கோச் (பேருந்து) சுற்றுலா போவதாக இருக்கிறோம். எங்கள் பகுதிக்காரர் ஒருவர் வாட்ஸ்அப் குழு வழியாக ஏற்பாடு செய்கிறார். கோச், ஹோட்டல், காலை உணவு, இரவு உணவு எல்லாம் சேர்த்து பெரியவர்களுக்கு 289 பவுண்டு, பிள்ளைகளுக்கு 199. நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று மொத்தம் 1,265. அட்வான்ஸ் 250 அனுப்பிவிட்டோம். மீதி 1,015ஐ அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறார். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதலாம். டீசல் விலை ஏறிவிட்டது என்று ஆளுக்கு 20 பவுண்டு வேறு கேட்கிறார். "அட்டால் பாதுகாப்பு இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, அவருக்குப் பதில் என் தங்கை வரலாமா என்றால் பெயர் மாற்ற முடியாதாம். புறப்பட ஆறு வாரம் இருக்கிறது. பணத்தை அனுப்பலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள், சகோதரி. அவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் சரியில்லை. அதில் முதலாவது அந்த அட்டால்.

அட்டால் (ATOL) என்பது விமானப் பயணம் அடங்கிய சுற்றுலாவுக்கு உரிய பணப் பாதுகாப்புத் திட்டம். ஈஸ்ட் ஹாமிலிருந்து பிளாக்பூலுக்கு கோச்சில் போகிறவருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் தெரியாமல் சொல்லியிருக்கலாம், தெரிந்தே சொல்லியிருக்கலாம். இரண்டுமே நல்ல அறிகுறி இல்லை. கோச் சுற்றுலாவில் நீங்கள் கேட்க வேண்டிய பெயர்கள் வேறு: ஆப்டா (ABTA), பாண்டட் கோச் ஹாலிடேஸ், ஆப்டாட் (ABTOT) போன்ற, பயணிகள் பணத்துக்குப் பாதுகாப்பு தரும் அமைப்புகள். இல்லையென்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், அல்லது பயணிகள் பணத்தைத் தனியே வைத்திருக்கும் டிரஸ்ட் கணக்கின் விவரம்.

ஏன் கேட்க வேண்டும்? போக்குவரத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது சட்டப்படி 'பேக்கேஜ்'. 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, விற்பவர் திவாலானால் உங்கள் பணம் திரும்பி வருவதற்கான பாதுகாப்பை அவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்க வேண்டும். யார் அந்தப் பாதுகாப்பைத் தருகிறார்கள் என்று எழுத்தில் சொல்லவும் வேண்டும். இது வெறும் சடங்கில்லை. 2020 மே மாதம், ஷியரிங்ஸ் என்ற பெயரில் கோச் சுற்றுலா நடத்திய பெரிய குழுமமே மூழ்கியது. அன்று கோச் பேக்கேஜ் எடுத்திருந்தவர்களுக்குக் கைகொடுத்தது இந்த ஏற்பாடுதான்.

"நான் வெறும் ஒருங்கிணைப்பாளர், கோச்காரர் வேறு, ஹோட்டல்காரர் வேறு" என்று அடுத்து சொல்வார். எத்தனையோ பேரிடம் கேட்டுச் சலித்த வசனம் இது. இரண்டையும் சேர்த்து விலை வைத்து விற்றவர் யாரோ, அவர்தான் பொறுப்பு. இன்னொரு கம்பெனியின் சுற்றுலாவைத்தான் விற்கிறார் என்றால் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லட்டும், அதற்குப் பாதுகாப்பு தரும் அமைப்பின் பெயரையும் உறுப்பினர் எண்ணையும் தரட்டும். நீங்களே அந்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். அவர் அனுப்பும் லோகோ படத்தைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். லோகோவை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம்.

கொடுமை என்னவென்றால், விமானச் சுற்றுலா விற்க உரிமம் வேண்டும், கோச் சுற்றுலா விற்க அப்படி ஒன்றும் வேண்டாம். பாதுகாப்பு எடுக்காமல் விற்பது குற்றம் என்று சட்டம் சொல்கிறது. எடுத்திருக்கிறாரா என்று விற்பனை தொடங்கும் முன் யாரும் வந்து பார்ப்பதில்லை. வியாபாரிகளைக் கண்காணிக்க டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்று ஒரு துறை இருக்கிறது. ஆனால் நீங்கள் நேராக அவர்களைக் கூப்பிட முடியாது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் எண்ணுக்குப் பேசி, அவர்கள் குறித்துக்கொண்டு, அங்கே அனுப்பி... அதற்குள் பிளாக்பூலின் பேர்போன விளக்கு அலங்காரத்தையே கழற்றி வைத்துவிடுவார்கள். ஆகவே காவல் வேலையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே ஒரு விதிவிலக்கை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் அதன் பின்னால்தான் ஒளிந்துகொள்கிறார்கள். எப்போதாவது, லாப நோக்கில்லாமல், ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டும் நடத்தும் சுற்றுலாவுக்கு இந்த விதிகள் பொருந்தாது. பழைய மாணவர் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை தன் உறுப்பினர்களை அழைத்துப் போவது, கோயில் பக்தர்கள் சேர்ந்து செலவைப் பங்கிட்டுப் போவது, இதெல்லாம் அதில் வரும். ஆனால் மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். லாபமில்லை, ஆனால் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் கோச் கிளம்புகிறது என்றால் அது 'எப்போதாவது' ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறைதான், ஆனால் வாட்ஸ்அப்பில் பார்த்த யாரும் சேரலாம் என்றால் அது குறிப்பிட்ட வட்டம் ஆகாது. சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் போட்டுவிட்டு, கோச் வாடகைக்கும் ஹோட்டல் பில்லுக்கும் மேல் மிஞ்சுவது தனியார் ஒருவரின் பைக்குள் போகிறது என்றால், 'சேவை மனப்பான்மை' என்று எத்தனை தடவை சொன்னாலும் அது வியாபாரம்தான். உங்கள் ஏற்பாட்டாளர் ஈஸ்டருக்கும் கோடைக்கும்கூட சுற்றுலா போட்டிருக்கிறாரா என்று குழுவில் பழைய செய்திகளைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். உண்மையிலேயே சங்கச் சுற்றுலாதான் என்றால், தனிநபர் கணக்குக்கு இல்லாமல் சங்கத்தின் கணக்குக்குப் பணம் கட்டி, பொருளாளரிடம் ரசீது வாங்குங்கள்.

இரண்டாவது, அந்த 3 சதவீதம். சாதாரண கிரெடிட் கார்டுக்கோ டெபிட் கார்டுக்கோ வியாபாரி கூடுதல் கட்டணம் வாங்குவதை 2018 ஜனவரி 13 முதல் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் கேட்கிறார்கள், நாமும் 30 பவுண்டு மிச்சம் என்று வங்கியில் நேராக அனுப்பிவிடுகிறோம். அங்கேதான் கோட்டை விடுகிறோம். கிரெடிட் கார்டில் கட்டினால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், 75ஆவது பிரிவின்படி, வியாபாரியோடு சேர்த்து கார்டு கம்பெனியும் பொறுப்பு. விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முழுவதையும் கார்டில் கட்ட வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் அட்வான்ஸை வங்கி வழியாக அனுப்பியிருந்தாலும், மீதியில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டினால் 1,265க்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒன்று: பணம் வாங்குபவரும் சுற்றுலாவை விற்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். நடுவில் மூன்றாமவர் கார்டு மெஷினை நீட்டினால் கார்டு கம்பெனி கையை விரிக்கப் பார்க்கும். பதிவும் கார்டும் உங்கள் இருவரில் ஒரே ஆளின் பெயரில் இருக்கட்டும்.

மூன்றாவது, அந்த டீசல் விஷயம். ஒப்பந்தத்தில் 'எரிபொருள் விலை ஏறினால் கூட்டுவோம்' என்று முன்பே எழுதியிருந்தால்தான் கூட்டலாம். அப்படி எழுதியவர் விலை இறங்கினால் குறைக்கவும் வேண்டும். கணக்கோடு காரணம் சொல்லி, புறப்பட 20 நாளுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். மொத்த விலையில் 8 சதவீதத்தைத் தாண்டினால், ஒரு பென்ஸும் இழக்காமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம். உங்களிடம் அவர் கேட்பது ஐந்து பேருக்கு 100 பவுண்டு, அதாவது 7.9 சதவீதம். ஆளுக்கு இன்னும் ஒரு பவுண்டு கேட்டிருந்தால் எல்லையைத் தாண்டியிருக்கும். மனிதர் கால்குலேட்டரோடுதான் உட்கார்ந்திருக்கிறார்! உங்களிடம் எழுத்தில் நிபந்தனைகள் எதுவும் இல்லையென்றால் அந்த 100 பவுண்டைக் கொடுக்க வேண்டியதில்லை.

'14 நாளுக்குள் ரத்து செய்தால் முழுப் பணம்' என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அது ஆன்லைனில் வாங்கிய செருப்புக்கு. இத்தகைய சுற்றுலாவுக்கு இல்லை.

ஆகவே இன்றைக்கே அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். தெரிந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று சங்கடப்பட வேண்டாம். "அண்ணா, பணத்துக்குப் பாதுகாப்பு தரும் அமைப்பின் பெயரும் உறுப்பினர் எண்ணும், ஹோட்டலின் பெயரும் முகவரியும், கோச் கம்பெனியின் பெயரும் எழுத்தில் அனுப்புங்கள். வந்ததும் கிரெடிட் கார்டில் கட்டிவிடுகிறேன்." இவ்வளவு போதும். ஹோட்டல் முகவரி கிடைத்தால் நீங்களே ஹோட்டலுக்குப் போன் செய்து, அவர் பெயரில் அந்தத் தேதிக்கு அறைகள் பதிவாகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். 'கடற்கரை ஹோட்டல்' என்று விளம்பரத்தில் போட்டிருப்பது கடலிலிருந்து நான்கு தெரு உள்ளேகூட இருக்கும். லிஃப்ட் உண்டா என்றும் அப்படியே கேட்டுவிடுங்கள்.

பெயர் கொடுக்க மறுத்தால் மீதியைக் கட்டாதீர்கள். 250ஐத் திரும்பக் கேட்டுப் போராட வேண்டி வரலாம், 1,265க்குப் போராடுவதைவிட அது பரவாயில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் எண் 0808 223 1133, கட்டணமில்லை. அவர்களைப் பற்றி மேலே என்ன சொல்லியிருந்தாலும் புகாரைப் பதிவு செய்து வையுங்கள்.

தங்கை விஷயம் சுலபம். பேக்கேஜில் இடத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. புறப்பட 7 நாளுக்கு முன் தெரிவித்தாலே போதும், உங்களுக்கு ஆறு வாரம் இருக்கிறது. மாற்றுவதற்கு உண்மையில் ஆகும் செலவை மட்டும்தான் அவர் கேட்கலாம், அதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். அவர் பாதுகாப்பு விவரங்களை அனுப்பியதும் மாமியார் பெயரையும் தங்கை பெயரையும் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் இல்லாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள், தேதி ஆதாரமாக நிற்கும்.