தம்பியிடம் வாங்கிய சத்தியம்

கேள்வி: எனக்கு 25 வயது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெற்றோர், பாட்டி, முதலாம் படிவம் படிக்கும் தம்பி, மாமா குடும்பம் என்று நிறைந்த வீட்டில் இருக்கிறேன். ஒரு நிமிடம் தனிமை கிடையாது. வரும் விடுமுறையில் ஊருக்குப் பின்னாலுள்ள மலைக்காட்டில் ஓர் இரவு தனியாகத் தங்கிவிட்டு வரப்போகிறேன். வெயில் கடுமையாக இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் கொண்டுபோக வேண்டும்? கூடாரம் நல்லதா, தூளிப்படுக்கை நல்லதா? வீட்டில் ஈப்போவிலுள்ள தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கு மட்டும் உண்மை தெரியும். அம்மன் படத்தின் முன் சத்தியம் வாங்கிவிட்டேன், வாயைத் திறக்க மாட்டான்.

பதில்: மகளே, கூடாரம் இருக்கட்டும். 13 வயதுப் பையனை அம்மன் முன் நிறுத்தி, பெற்ற தாயிடம் பொய் சொல்வேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறாய். அதைக் கடிதத்தின் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறாய்!

சொன்ன நேரத்துக்கு நீ திரும்பவில்லை என்று வைத்துக்கொள். அம்மா தோழியை அழைக்கிறார். நீ அங்கே போகவே இல்லை என்கிறாள். அப்பா ஈப்போவுக்குத் தேடக் கிளம்புகிறார். உண்மை தெரிந்த ஒரே ஆள் கூடத்து மூலையில் நடுங்கிக்கொண்டு நிற்கிறான். சொன்னால் சாமி குற்றம், சொல்லாவிட்டால் அக்காவின் உயிர். அவன் எப்போது வாயைத் திறப்பான்? இரவு ஒன்பது மணிக்கா, விடிந்த பிறகா? அவசர உதவிக்கு 999-ஐ அழைக்க வேண்டிய நேரத்தை ஒரு குழந்தையின் பயத்திடம் விட்டுவிட்டுப் போகிறாய். அவன் சொன்னாலும் எந்தப் பாதை, எந்த ஆற்றோரம் என்பது அவனுக்குத் தெரியுமா? 2015-இல் கிளந்தானில், போஸ் தோஹோய் பள்ளியை விட்டு ஓடிய ஏழு பூர்வகுடிப் பிள்ளைகளைத் தேடினார்கள். காட்டோரத்திலேயே வளர்ந்தவர்கள். ஏறக்குறைய ஏழு வாரம் கழித்து இருவர்தான் உயிரோடு கிடைத்தார்கள்.

நம் காட்டின் புழுக்கத்தில் நிழலில் நடந்தாலும் வியர்வை காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. உடல் சூடு 40 பாகையைத் தாண்டினால் புத்தி தடுமாறும், பேச்சு குழறும். உனக்கு என்ன ஆகிறது என்பதே உனக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனித்து உட்கார வைத்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நீயோ யாரும் வேண்டாம் என்கிறாய்.

பெண் என்பதால் தடுக்கிறேன் என்று எண்ணாதே. நம் தோட்டத்துப் பெண்கள் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போனவர்கள். இருட்டில் தனியாகத்தான் நின்றார்கள். ஆனால் யார் எந்த மர நிரையில் இருக்கிறார் என்பது, வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்திலேயே தெரிந்துவிடும். 25 வயதில் நீ அனுமதி கேட்க வேண்டியதில்லை. போகுமிடத்தைச் சொல்ல வேண்டியது கடமை. கூட்டுக் குடும்பத்தில் மூச்சு முட்டுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. அதற்காகக் குடும்பத்திலேயே சிறியவன் தலையில் சுமையை ஏற்றுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

தொடர்ந்து மூன்று நாள் 35 பாகையைத் தொட்டாலே வானிலை ஆய்வுத்துறை வெப்ப எச்சரிக்கை விடுக்கும். அந்த வெயிலில் போகாதே. தணிந்த பிறகு, மலையேறிப் பழகிய ஒருவரோடு போ. அது வனக் காப்பகமாக இருந்தால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர் தண்ணீராவது வேண்டும், இரவுக்குத் தனியாக. உப்பும் கொண்டு போ. வறட்சியில் ஓடை இருக்கும் என்று நம்பிப் போகாதே. கூடாரமா தூளியா என்பதைக் கூட வருகிறவரிடம் கேள்.

இதற்கெல்லாம் முன், இன்றிரவே தம்பியை அதே அம்மன் படத்தின் முன் நிறுத்தி, அந்தச் சத்தியத்திலிருந்து விடுவித்துவிடு. அவனிடம் மன்னிப்பும் கேள். பிறகு அம்மாவிடம் போ. சத்தம் போடுவார், உட்கார்ந்து கேட்டுக்கொள். போகிற பாதை, கூட வருகிறவரின் தொலைபேசி எண், திரும்பும் நேரம், எத்தனை மணி தாண்டினால் 999-ஐ அழைக்க வேண்டும் என்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடு.