லெஸ்ஸார் யார், லெஸ்ஸீ யார்?

கேள்வி: சென்னையில் 8 லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு வீட்டை லீசுக்கு எடுக்கிறேன். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்ப வரும். ஆங்கிலத்தில் அடித்துத் தந்த ஒப்பந்தத்தில் லெஸ்ஸார், லெஸ்ஸீ என்று மாறி மாறி வருகிறது. ஓரிடத்தில் மார்ட்கேஜார், மார்ட்கேஜீ என்றும் இருக்கிறது. ஒரே சாயலில் இருக்கும் சொற்கள். அகராதியில் பார்த்த கையோடு குழம்பிவிடுகிறது. இதில் நான் யார்?

பதில்: லீஸ் என்று எழுதியிருக்கும்வரை வீட்டுக்காரர் லெஸ்ஸார், நீங்கள் லெஸ்ஸீ. சொல்லின் வாலைப் பாருங்கள். 'ஓ, ஆர்' என்று முடிந்தால் கொடுப்பவர், இரண்டு 'ஈ' வந்தால் பெறுபவர். டோனார் தானம் கொடுக்கிறார், டோனீ வாங்கிக்கொள்கிறார். இந்த இரட்டை ஈ, 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே நீதிமன்றங்களில் புழங்கிய பிரெஞ்சு மொழியின் மிச்சம். பத்திரங்களில் இவ்வளவு மண்டிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். (எல்லா ஈயும் இதற்கு அடங்காது. அட்டெண்டீ என்றால் கூட்டத்துக்கு வந்தவர்தான்.)

மார்ட்கேஜில்தான் படித்தவர்களும் சறுக்குவார்கள். பணம் கொடுப்பது வங்கி, அப்படியானால் வங்கிதானே மார்ட்கேஜார் என்று தோன்றும். ஆனால் மார்ட்கேஜ் என்பது கடன் அல்ல, அடமானம். அடமானம் கொடுப்பவர் கடன் வாங்கியவர், அவரே மார்ட்கேஜார். வங்கி மார்ட்கேஜீ.

சரி, உங்கள் தாளில் இரண்டு ஜோடியும் ஏன் வந்தன? நம் ஊரில் 'லீஸ்' என்று சொல்லும் ஏற்பாடு, மொத்தமாகப் பணம் வாங்கி, வட்டிக்குப் பதில் வீட்டை அனுபவிக்க விட்டு, பிறகு பணத்தைத் திருப்புவது. பழைய பேச்சில் ஒத்தி, போக்கியம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-வது பிரிவு சொல்லும் அடமான வகைகளில் ஒன்றுக்கு இது மிக நெருக்கம். அப்படி எழுதினால் வீட்டுக்காரர் மார்ட்கேஜார், நீங்கள் மார்ட்கேஜீ. அசல் 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால், பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது 59-வது பிரிவு. உங்களுடையது 8 லட்சம். ஆகவே இது லீஸா, ஒத்தியா என்று வழக்கறிஞரிடம் முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் கலந்து எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பணத்தைக் காசோலையாகக் கொடுத்தால் மூன்று பேர் வருவார்கள்: நீங்கள் டிராயர், உங்கள் வங்கி டிராயீ, வீட்டுக்காரர் பேயீ.

அப்புறம், இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பழைய கோப்பில் பெயரை மட்டும் மாற்றி எடுத்தவை. பணம் திரும்பும் வரியை விரல் வைத்துப் படியுங்கள். 'காலி செய்யும் நாளில் லெஸ்ஸார் லெஸ்ஸீக்கு 8 லட்சம் ரூபாய் தர வேண்டும்' என்று இருக்க வேண்டும். இடம் மாறியிருந்தால், வீட்டையும் விட்டுப் பணமும் நீங்களே தருவதாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம். பேனாவால் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதைவிட அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்து வாங்குவதே மேல்.